பையன் ஹீல்ஸ் போட்டால்

1970களில் சிங்கப்பூரில் அஞ்சல் நிலையத்துக்கோ வேறு அரசாங்க அலுவலகத்துக்கோ போனவர்களுக்கு அந்தச் சுவரொட்டி மறந்திருக்காது. நீளமாக முடி வளர்த்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எது நீளமான முடி என்பதற்கும் படம் இருக்கும். நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால் நீளம். காதை மூடினால் நீளம். சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினாலும் நீளம். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டியதுதான். 1972இல் லெட் செப்பலின் என்ற புகழ்பெற்ற ஆங்கில இசைக்குழு இங்கே பாட இருந்தது. முடி காரணமாக அவர்களை உள்ளே விடவில்லை, கச்சேரி நடக்கவே இல்லை. ஜப்பானிய இசைக்கலைஞர் கிட்டாரோவுக்கும் 1984இல் இதே கதிதான்.

அன்றைய அரசாங்கத்தின் கவலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாடு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஹிப்பிகளோடு போதைப்பொருளும் வந்து பிள்ளைகள் கெட்டுப்போவார்களோ என்ற பயம் எங்கள் வீடுகளிலும் இருந்தது. ஆனால் பயம் போதைப்பொருள்மேல், தண்டனை முடிக்கு. இன்று தோள்வரை முடி வளர்த்து அதைக் கொண்டை போட்ட பையன்கள் ரயிலில் எழுந்து எனக்கு இடம் கொடுக்கிறார்கள். நாட்டின் ஒழுக்கத்தோடு முடிச்சுப்போட்டுப் பார்த்த முடி, இப்போது வெறும் முடி.

கப்பலேறி இங்கே வந்த நம் கொள்ளுத்தாத்தாக்கள் பலருக்குக் குடுமியும் காதில் கடுக்கனும் இருந்தன. அவர்கள் காலத்தில் அதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு. 1972இல் அவர்கள் அஞ்சல் தலை வாங்கப் போயிருந்தால் கடைசி ஆளாகத்தான் வாங்கியிருப்பார்கள்.

நான் குடியிருப்பது பூன் லேயில். ரப்பர் தோட்டமும் பிஸ்கட் தொழிற்சாலையும் வைத்திருந்த சியூ பூன் லே என்ற வணிகரின் பெயர் இது. பக்கத்திலேயே ஜூரோங் தொழிற்பேட்டை. விடியற்காலையில் பேருந்து முனையத்துக்குப் போனால், முன்பக்கம் இரும்பு வைத்த கனமான பாதுகாப்புக் காலணிகளோடு கப்பல் பட்டறைக்கும் ஆலைக்கும் போகிறவர்களைப் பார்க்கலாம். எங்கள் வட்டாரத்தில் ஆணின் கால் என்றாலே மனத்தில் வரும் படம் அதுதான். அப்படிப்பட்ட ஊரில், போன தீபாவளி சமயம் எங்கள் புளோக்கின் மின்தூக்கி வாசலில் ஒரு பையன் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு நின்றான்.

எங்கள் மாடியில் இருக்கிற பையன்தான். தேசிய சேவையை முடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். பட்டு ஜிப்பா, கறுப்புக் கால்சட்டை, கணுக்காலில் வார் கட்டிய கறுப்புச் செருப்பு. அதன் குதி மூன்று அங்குலத்துக்குக் குறையாது. ஊசிக் குதி இல்லை, கட்டையாகச் சதுரமாக இருந்தது. நின்ற நிலையில் தடுமாற்றமே இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"என்னடா தம்பி இது கோலம்? உங்கப்பா பாத்தா என்ன சொல்வாரு?"

"அப்பா பாத்துட்டாரு அங்கிள்" என்றான் அவன், மரியாதையாகவே.

எனக்கு அவன் குதிமேல்தான் கண். என் பிழைப்பே ஒரு காலத்தில் குதியுயர்ந்த செருப்பில் நடந்த பிழைப்பு. "வலிக்கலையா?" என்று கேட்டேன். "முதல்ல வலிச்சுது பாட்டி. இப்ப பழகிருச்சு. ஆனா மூணு மணி நேரத்துக்கு மேல முடியாது" என்றான். அது சரியான பதில். தன் காலைத் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளை.

மின்தூக்கி வந்தது, அவன் போய்விட்டான். பெரியவர் மட்டும் போகவில்லை. "காலம் கெட்டுப்போச்சு, ஆம்பளைங்க பொம்பளை செருப்பு போட ஆரம்பிச்சிட்டாங்க" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். அவருக்கு அன்று சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்கும் தெரியாத சங்கதி.

குதியுயர்ந்த செருப்பு ஆணுக்காகப் பிறந்தது. அதுவும் போர்வீரனுக்காக. பாரசீகத்துக் குதிரைவீரர்கள் அங்கவடியில் காலை ஊன்றி எழுந்து நின்று அம்பு விடுவார்கள். அப்போது பாதம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளத்தான் காலணியில் குதி வைத்தார்கள். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், உதுமானியர்களுக்கு எதிராகத் துணை தேடி 1599இல் ஐரோப்பாவுக்குத் தூதர்களை அனுப்பினார். அந்தக் காலகட்டத்தில் அங்கேயுள்ள பிரபுக்கள் இந்தக் குதியைக் கண்டு மயங்கிப் போட ஆரம்பித்தார்கள். வீரம், உயரம், செல்வாக்கு எல்லாம் அதில் தெரிந்தன. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு ஹயசின்த் ரிகோ 1701இல் வரைந்த ஓவியத்தைப் பாருங்கள். வெள்ளைக் காலுறை, அதற்குக் கீழே பளிச்சென்ற சிவப்புக் குதி. காலை முன்னே நீட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சிவப்புக் குதி அரசவையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் என்று விதியே இருந்தது. பெண்கள் இந்தக் குதியை எடுத்துக்கொண்டது ஆண்களைப் பார்த்துத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்கள் அதைக் கழற்றிப் போட்டார்கள். பெண்களிடம் அது தங்கிவிட்டது. கனடாவில் டொராண்டோ நகரத்துப் பாட்டா காலணி அருங்காட்சியகம் ஆண்கள் அணிந்த குதியின் வரலாற்றுக்கென்றே 2015இல் ஒரு கண்காட்சி நடத்தியது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1970களில் நம் தமிழ் வாலிபர்கள் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்தபோது, அந்த அகலமான கால்சட்டைக்குக் கீழே என்ன இருந்தது? கனத்த அடியும் உயர்ந்த குதியும் வைத்த காலணிதான். சினிமா கதாநாயகர்கள் போட்டார்கள், இவர்களும் போட்டார்கள். அன்று அவர்களை யாரும் பெண்பிள்ளை என்று கேலி செய்யவில்லை. மின்தூக்கி வாசலில் என்னோடு பேசிய பெரியவரின் வயதைக் கணக்குப் போட்டால், அவரும் அப்படி நடந்தவராகத்தான் இருக்க வேண்டும். சொன்னேன். "அது வேற ஸ்டைல்மா" என்றார். சிரித்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

யார் எதைக் காலில் போடலாம் என்பது மனிதர்களிடையே எப்போதுமே மேல் கீழ் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதித் தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது என்று இருந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டோ போக வேண்டியிருந்தது. என் தாத்தா அப்படி நடந்த மனிதர். சிங்கப்பூருக்கு வந்து கையில் காசு சேர்ந்ததும் அவர் முதலில் வாங்கியது ஒரு ஜோடி தோல் செருப்பு என்று பாட்டி சொல்வார். அதைப் போட்டுக்கொண்டு காரணமே இல்லாமல் தேக்கா முழுக்கச் சுற்றி வருவாராம். ஊர்த் தெருக்களில் செருப்பை வழக்கம் என்றும் தர்மம் என்றும் சொல்லித்தான் தடுத்தார்கள். யாரும் அநியாயம் என்று பெயர் வைத்துத் தடுக்கவில்லை. அதனால் 'நம்ம கலாசாரத்துல இல்லை' என்று யாராவது சொன்னால், யார் காலை யார் கட்டிப்போடுகிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

பெண்கள் உடையில் நடந்த மாற்றத்தை நம்மவர்கள் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். வாட்டர்லூ ஸ்திரீட் இன்று கோயில்களுக்குப் பேர்போன தெரு. அங்கே 1943 அக்டோபரில், இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அந்தப் படைக்குத் தலைமை ஏற்று கேப்டன் லட்சுமி ஆனார். அதே ஆண்டு ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போசுக்குப் பெண்கள் அணிவகுப்பு மரியாதை செய்தபோது சேலையில்தான் துப்பாக்கி பிடித்தார்கள். முகாமுக்குப் போனபின் காக்கிக் கால்சட்டை, சட்டை, தொப்பி, பூட்ஸ். கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். கோலாலம்பூரிலிருந்து பதினெட்டு வயதில் வந்து சேர்ந்த ஜானகி, படையின் இரண்டாம் நிலைத் தளபதியாக உயர்ந்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் மலேசிய நாடாளுமன்ற மேலவையில் உட்கார்ந்தார். படையில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். அதுவரை சேலையைத் தவிர வேறொன்றைக் கனவிலும் உடுத்தாதவர்கள். ஆண்பிள்ளை உடையில் மகளைப் பார்த்த தாய்தகப்பன் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! ஆனாலும் இன்று அந்தப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

அதற்கும் முன்பே, பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொண்டு ஆண்களைப் போல உடுத்திக்கொள்ளட்டும் என்று சொன்னவர் பெரியார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன பிறகு இங்கே சீர்திருத்தப் பேச்சு சூடுபிடித்தது. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. நம் பேத்திகள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதற்குப் பின்னால் இப்படிப் பலருடைய உழைப்பு இருக்கிறது.

எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்த கேள்விதான். ஆண் உடையைப் பெண் போட்டால் துணிச்சல்காரி. பெண் உடையை ஆண் போட்டால் மட்டும் ஏன் கேவலம்?

நான் வெகுகாலம் யோசித்து வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். பெண்ணாக இருப்பதை நாம் இன்னும் தாழ்வாகவே நினைக்கிறோம். பெண் கால்சட்டை போடும்போது அவள் மேலே ஏறுவதாக நமக்குத் தோன்றுகிறது, ஆண் ஹீல்ஸ் போடும்போது கீழே இறங்குவதாகத் தோன்றுகிறது. ஊரில் ஓர் அதிகாரி வேலை செய்யவில்லையென்றால் போராட்டக்காரர்கள் தட்டில் சேலையும் வளையலும் வைத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சில சமயம் அந்தத் தட்டைப் பிடித்திருப்பவர்களே பெண்களாக இருக்கிறார்கள். கையில் வளையல் போட்டுக்கொண்டு, அந்த வளையலையே அவமானத்தின் அடையாளமாகக் கொடுக்கப் போகிறார்கள். என் தாய் வளையல் போட்ட கையால்தான் உழைத்து எங்களைக் காப்பாற்றினார். அந்தக் காட்சியை நான் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பையனின் ஹீல்ஸைக் கேவலம் என்கிற வாய், அந்தப் பையனைப் பெற்றவளையும் சேர்த்துத்தான் கேவலப்படுத்துகிறது.

மேடை என்றால் மட்டும் நாம் தாராளமாகிவிடுவோம். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் வேடத்தை ஆண்பிள்ளைகளே கட்டினார்கள். சிவாஜி கணேசன் சின்ன வயதில் அப்படிக் கட்டியவர். ஔவையாராக நடித்துப் பெயருக்கு முன்னால் ஔவையையே ஒட்டவைத்துக்கொண்டவர் டி.கே. சண்முகம். தெருக்கூத்தில் திரௌபதியும் ஆண்தான், அந்தத் திரௌபதியைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களும் உண்டு. சிங்கப்பூரில் குமாரைத் தெரியாதவர் யார்? இந்தியக் குடும்பத்தில் பிறந்த இந்த நகைச்சுவைக் கலைஞர் 1990களில் பூகிஸ் ஸ்திரீட்டின் பூம் பூம் ரூம் அரங்கில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பளபளக்கும் உடையிலும் உயர்ந்த குதியிலும் நின்று நாட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். தாம் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போதும் அரங்கம் காலியாகவில்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிற தகப்பன், தன் மகன் கண்ணுக்கு மை தீட்டினால் பெல்ட்டைக் கழற்றுகிறான். எனக்கு இது புரிவதே இல்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஹீல்ஸ் போடுகிற பையன் யாரை நேசிக்கிறான் என்று செருப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது நாம் துருவ வேண்டிய காரியமும் இல்லை. திருநங்கைகளின் கதையும் வேறு. அவர்கள் பெண்கள், பெண் உடை அவர்களுக்கு வேடமாகாது. தமிழ்நாடு அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது 2008இல். சிங்கப்பூரில், ஆண்களிடையிலான பாலுறவைக் குற்றமாக்கி ஆங்கிலேயர் 1938இல் கொண்டுவந்த 377ஏ சட்டப்பிரிவை 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் நீக்கியது. சட்டம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. குடும்பத்தின் மனத்துக்கு அவ்வளவு நாள் தேவைப்படக் கூடாது.

ஹீல்ஸைப் புனிதமாக்கவும் நான் வரவில்லை. ஆர்ச்சர்ட் வட்டாரத்தில் ஒரு கடையில் விற்பனைப் பெண்ணாக இளமையைக் கழித்தவள் நான். இரண்டு அங்குலக் குதி இல்லாமல் தளத்தில் நிற்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. உட்காரவும் நாற்காலி கிடையாது. உடல் எடை முழுக்க முன்பாதத்தில் இறங்கும். கெண்டைக்கால் தசை இறுகிப்போய், வீட்டுக்கு வந்து வெறுங்காலைத் தரையில் வைத்தால் பின்பக்கம் சுரீரென்று இழுக்கும். இன்றும் என் இரண்டு பெருவிரல்களும் பக்கத்து விரலின் மேல் சாய்ந்து கிடக்கின்றன, அடியில் எலும்பு புடைத்திருக்கிறது. கூட வேலை செய்த ஆண்கள் தட்டையான காலணியில் சுகமாக நடந்தார்கள். லண்டனில் நிக்கோலா தார்ப் என்ற பெண்ணை வேலைக்கு வந்த முதல் நாளே ஹீல்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 2016இல் அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஜப்பானில் யூமி இஷிகாவா 2019இல் இதே கட்டாயத்துக்கு எதிராகப் பெண்களைத் திரட்டினார். அந்தச் செய்திகளைப் படித்தபோது என் கால் விரல்களைத் தடவிக்கொண்டேன்.

என்னைப் போட வைத்தார்கள், அந்தப் பையனைப் போடாதே என்கிறார்கள். இரண்டையும் சொல்வது ஒரே அதிகாரம். அவன் தானாக விரும்பி மூன்று மணி நேரம் போடுகிறான், வலித்தால் கழற்றிவிடுகிறான். அந்த உரிமை இருபது வயதில் எனக்குக் கிடைத்திருந்தால் என் கால் இன்று நேராக இருந்திருக்கும்.

மின்தூக்கி வாசலில் அவனைப் பார்த்த அன்று ராத்திரி அவன் தாய் என் வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, எல்லாரும் என்ன பேசுறாங்கன்னு எனக்குத் தெரியும். சொந்தக்காரங்க முன்னாடி தலைகாட்ட முடியல" என்று அழுதாள். அவள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன சமூகம் நம்முடையது. தேக்காவில் தும்மினால் பூன் லேயில் கேட்கும். கல்யாணப் பேச்சு, உறவுக்காரர் வாய், கோயிலில் திரும்பிப் பார்க்கிற கண்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போகிறவள் அவள்தான்.

"பையன் வேலைக்கு ஒழுங்கா போறானா?" என்று கேட்டேன்.

"போறான்."

"உன்கிட்ட பேசுறானா?"

"முன்ன பேசுவான். இப்ப அவங்கப்பா திட்டினதுலேர்ந்து ரூமுக்குள்ளயே சாப்புடுறான்."

"அப்ப நீ அழ வேண்டியது அதுக்குத்தான். செருப்புக்கு இல்ல" என்றேன்.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது, அந்தச் செருப்பை எங்கே ஒளித்துவைத்தாள் என்பதைச் சொன்னாள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால். எடுத்து வெளியே வை என்றேன். மறுநாள் காலையில் பார்த்தபோது அவர்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே, அப்பாவின் பாதுகாப்புக் காலணிக்குப் பக்கத்தில் அது இருந்தது. தகப்பனுக்கு மனம் மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள். மாறவில்லை. ஆனால் எடுத்து எறியவும் இல்லை, இப்போது மேசையில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

என் வயதுக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. குடும்பத்தில் நம் வாய்க்குத்தான் மதிப்பு அதிகம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை என்றால் மாமாவும் சித்தப்பாவும் அடங்கிவிடுவார்கள். தாத்தா முகம் சுளித்தால் வீடே சுளிக்கும். இந்தப் பொங்கலுக்கு உங்கள் பேரன் எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும், காலைப் பார்க்கும் முன் முகத்தைப் பாருங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று ஒருமுறை தனியாகச் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். குதி உயரமாக இருந்தால் ஈரத்தரையில் பார்த்து நடக்கச் சொல்லுங்கள், பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் வீடுகளில் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருகிறோம். அவனுடையதற்கும் அங்கே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்து, அவனை உள்ளே கூப்பிடுங்கள்.